உயிலும் பட்டாவும்

பெரியவர் ஒருவர் இரண்டு உயில் எழுதி வைத்திருக்கிறார். இயற்கையாக உயிர் போனால் ஒன்று செல்லும். சாவில் சந்தேகம் எழுந்தால் மற்றது. சக்கர நாற்காலியில் நடமாடும் அந்த மனிதர் நீலகிரியில் ஒதுங்கி நிற்கும் தன் பழைய மாளிகைக்குச் சொந்தபந்தங்களை வரவழைக்கிறார். கூடவே ஹரித் அத்ரேயா என்ற துப்பறிவாளரையும் அழைத்து வைக்கிறார். மலையில் மண் சரிகிறது, பாதை அடைபடுகிறது, வெளியிலிருந்து போலீஸ் வர வழியில்லை. அப்புறம் ஒரு கொலை.

ஆர்.வி. ராமன் ஆங்கிலத்தில் எழுதிய ‘எ வில் டு கில்’ நாவலின் தொடக்கம் இது. 2019இல் வந்தது. ராமன் சென்னைக்காரர், கம்பெனி உலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2014இல் வந்த ‘ஃப்ராட்ஸ்டர்’ உள்ளிட்ட முந்தைய நாவல்களில் வங்கி, பங்குச்சந்தை, கணினித் திருட்டு என்று தனக்குத் தெரிந்த உலகத்தையே மர்மக் கதையாக்கினார். அத்ரேயாவைக் கொண்டுவந்தபோது நூறு வருடம் பின்னால் போய், ஆங்கிலேயர்கள் ‘பொற்காலம்’ என்று கொண்டாடும் பாணியைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு வீடு, எண்ணக்கூடிய ஆட்கள், எல்லோருக்கும் ஒரு காரணம், துப்பு ஒவ்வொன்றும் வாசகர் கண்முன்னாலேயே. அந்தப் பாணியில் அவர் ஏமாற்றவில்லை. முடிச்சு அவிழும்போது முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் எல்லாம் அங்கேயே கிடக்கும்.

நீலகிரியைக் களமாகக் கொண்ட மர்ம நாவல்களில் எனக்குத் தெரிந்து அண்மைக் காலத்தில் ஒழுங்காக வேலை செய்தது இதுதான். ஆனாலும் படித்து முடித்தபோது ஒரு குறை நெருடிக்கொண்டே இருந்தது. மலையில் நடக்கிறது, ஆனால் மலையைப் பற்றிய கதை இல்லை. மாளிகையை அப்படியே பெயர்த்து ஸ்காட்லாந்தில் வைத்தாலும் கதை நிற்கும்.

மண்சரிவை மட்டும் குறை சொல்ல முடியாது. அது இங்கிலாந்துக் கதைகளின் பனிப்புயலுக்கு மாற்றாக வலிந்து சேர்த்ததாகச் சமவெளி வாசகருக்குத் தோன்றலாம். 2009 நவம்பரை நினைவில் வைத்திருக்கும் குன்னூர்க்காரர் அப்படிச் சொல்லமாட்டார். கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நாற்பதுக்கும் அதிகமானோர் மண்ணுக்குள் போனார்கள். சாலைகள் அறுந்தன, மலை ரயில் பாதை பல இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. ஒரு வீடு நாள் கணக்கில் தனித்தீவாவது இங்கே நடந்த கதை.

ராமன் பருவத்தைப் பிடித்துக்கொண்ட அளவுக்கு மற்றவர்கள் பிடிக்கவில்லை. ஊட்டி என்றாலே ‘பனி’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு மேலே போய்விடுகிறார்கள். மூடுபனி வேறு, உறைபனி வேறு. மலையில் இருப்பவர்கள் முதலாவதை ‘மிஸ்ட்’ என்றே சொல்வார்கள். இரண்டாவது டிசம்பர், ஜனவரியில் தெளிந்த வானத்தின் கீழே விடியற்காலையில் புல்லில் உப்புத் தூவியதுபோல் கிடக்கும். முதலாவதில் ஆள் மறையலாம். இரண்டாவதில் நடந்தால் காலடி அச்சு அப்படியே விழும். மழையும் ஒன்றல்ல. கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவத்தில் ஊற்றும். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் உண்மையான மழை. “ஜூலையில் கோத்தகிரியில் அடைமழை, அதனால் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை” என்று ஒருவன் வாக்குமூலம் கொடுத்தால், உள்ளூர் ஏட்டு அந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்வார்.

தமிழ் மர்மக்கதையின் தொடக்கத்தை 1894க்குக் கொண்டுபோகலாம். பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ அந்த ஆண்டில் வந்தது. பிறகு ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வசந்த் என்று வரிசை நீள்கிறது. மாத நாவல்களின் காலத்தில் சுபாவின் நரேன், வைஜயந்தியும் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலாவும் ராஜேஷ்குமாரின் விவேக்கும் ஏறத்தாழ குடும்ப உறுப்பினர்களாகிவிட்டார்கள். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமார் கோயம்புத்தூர்க்காரர். மலை அவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும் தூரத்தில் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் அந்தப் புத்தகங்களை வாங்கிப் படித்தபடியே மலை ஏறிய தலைமுறை என்னுடையது. கடையில் கயிறு கட்டி, துணிக்குப் போடும் கிளிப்பில் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டையில் ஒரு பெண், ஒரு கத்தி, ஒரு நிழல். நூறு பக்கச் சொச்சம். பர்லியாறில் பிரித்தால் குன்னூரில் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான். பதினான்கு கொண்டை ஊசி வளைவும் அந்த அவசரத்தில் தெரியாது, வாந்தியும் வராது. இதைவிட ஒரு நாவலிடம் என்ன கேட்பது என்று அன்று நினைத்தேன்.

அந்தக் கதைகளில் ஊட்டிக்கு நிரந்தரமாக ஒரு வேலை இருந்தது: ஒளிவதற்கான இடம். சென்னையில் குற்றம் செய்தவன் ஊட்டிக்கு வருவான். தேனிலவு ஜோடி காட்டேஜில் தங்கும், மறுநாள் ஒருவர்தான் இருப்பார். எஸ்டேட் முதலாளி என்றால் ஒன்று பலியாள், இல்லையென்றால் வில்லன். சினிமா இதை முன்பே செய்துவிட்டது. 1964இன் ‘புதிய பறவை’யில் கோபாலின் மாளிகை ஊட்டியில் இருக்கிறது, கடந்த காலத்தை அவன் அங்கே புதைத்து வைத்திருக்கிறான், அது தேடிக்கொண்டு மலையேறி வருகிறது. 1980இல் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யில் மனம் பிறழ்ந்தவன் தான் கடத்திய பெண்ணை ஊட்டிக்குத்தான் கொண்டுபோகிறான். அந்தப் படத்துக்கு விதையானது ராஜேந்திரகுமாரின் நாவல் என்பது இன்று பலருக்கு மறந்துபோன செய்தி. இரண்டு படமும் எனக்குப் பிடிக்கும். இரண்டிலும் குற்றவாளி, பலியாள், துப்பறிகிறவர் மூவருமே கீழேயிருந்து பெட்டி படுக்கையோடு வந்தவர்கள்.

முசோரிக்கு இந்த விஷயத்தில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. 1911இல் அங்குள்ள சவாய் ஹோட்டலில் ஓர் ஆங்கிலப் பெண்மணி விஷத்தால் இறந்துகிடந்தார்; குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை. அகதா கிறிஸ்டியின் முதல் நாவலுக்கு, 1920இல் வந்த ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ கதைக்கு, அதுதான் பொறி என்று ஒரு கதை அந்த ஊரில் விடாமல் சொல்லப்படுகிறது. ரஸ்கின் பாண்ட் அதை வைத்தே முசோரியை மர்மக்கதைகளின் ஊராக்கினார். ஊட்டிக்கு அப்படி ஒரு பழங்கதை வாய்க்கவில்லை. சென்னை மாகாண அரசு கோடைதோறும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கிய ஊர். 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகமும் கிளப்பும் தேவாலயக் கல்லறையும் இருந்தும் ஒரு நல்ல கொலை இலக்கியத்தில் பதிவாகவில்லை.

அந்தக் குறையை 2017 போக்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் 24 அதிகாலை, கோத்தகிரிக்கு அருகே மறைந்த முதல்வர் ஜெயலலிதாவின் கோடநாடு எஸ்டேட் பங்களாவுக்குள் ஒரு கும்பல் புகுந்தது. காவலாளி ஒருவர் கொல்லப்பட்டார், இன்னொருவர் காயமடைந்தார். சில நாட்களுக்குள் வழக்கில் தேடப்பட்ட முக்கியமான ஆள் சேலம் மாவட்டம் ஆத்தூரில் சாலை விபத்தில் இறந்தார். இன்னொருவர் கேரளத்தில் கார் விபத்தில் சிக்க, அவர் மனைவியும் குழந்தையும் இறந்தார்கள். ஜூலையில் எஸ்டேட்டின் கணினிப் பணியாளர் தூக்கில் தொங்கினார். 2022இல் வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்கு மாறியது. உள்ளே என்ன இருந்தது, எது போனது, யாருக்காகப் போனது என்ற கேள்விகளை டீக்கடையில் அலசாத ஆள் இந்த மாவட்டத்தில் கிடையாது. ஒரு மாத நாவல் ஆசிரியரிடம் இதைக் கொடுத்திருந்தால், “இத்தனை சாவு அதிகம், வாசகர் நம்பமாட்டார்” என்று ஒன்றை வெட்டியிருப்பார்.

கோடநாட்டை வைத்து உடனே நாவல் வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் இருக்கிற வழக்கு, உயிரோடு இருக்கிற மனிதர்கள். ஆனால் அந்தச் சம்பவத்தின் வடிவம் கவனிக்க வேண்டியது. மர்மத்தின் மையம் கொன்றது யார் என்பதில் இல்லை. காவலாளியைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டவர்கள் சீக்கிரமே பிடிபட்டார்கள். எதைத் தேடி வந்தார்கள் என்பதுதான் முடிச்சு. ஒரு கட்டு ஆவணமா, வேறெதுவுமா என்ற ஊகங்கள் இன்றுவரை ஓயவில்லை.

ஆளுக்கொரு சதி கட்டும் பழக்கம் மலையில் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோது, நெருப்பு அணைவதற்குள் அரை டஜன் சதிகள் உலவின. விமானப்படை விசாரணை இயந்திரக் கோளாறு, நாசவேலை இரண்டையும் தள்ளிவிட்டது. திடீரென்று மேகத்துக்குள் நுழைந்ததில் விமானி திசையும் நிலையும் தடுமாறினார் என்றது. மேகம்தான் காரணம் என்றால் எந்த மர்ம நாவல் வாசகர் திருப்தியடைவார்? கடைசி அத்தியாயத்தில் கைகாட்ட ஒரு ஆள் வேண்டும்.

கொலையை மாளிகையின் அழகுப் பொருள்களுக்கு நடுவிலிருந்து எடுத்துச் சந்துக்குக் கொண்டுபோனவர் டாஷியல் ஹாமெட் என்ற பொருளில் ரேமண்ட் சாண்ட்லர் 1944இல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க மர்ம நாவல் அந்தத் திருப்பத்தில்தான் பெரியாளானது. நீலகிரி மர்ம நாவல் இன்னமும் பங்களாவை விட்டு இறங்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்கள் கதைக்குள் வந்தாலும் டிரே ஏந்தி வருகிறார்கள், பிணத்தைப் பார்த்து அலறுகிறார்கள், போய்விடுகிறார்கள். கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு எந்தக் காட்டில் எந்த நேரத்தில் யார் வந்தார் என்பது தெரியும். கொழுந்தை எடைபோடும்போது ரைட்டர் எழுதுகிற கணக்கில் யார் வந்தார், யார் வரவில்லை என்பது பதிவாகிறது. பங்களாவில் உட்கார்ந்திருக்கும் துப்பறிவாளருக்கு அந்த நோட்டைக் கேட்கத் தோன்றுவதில்லை.

இதற்குக் காரணம் உயில் என்று நினைக்கிறேன். ஆங்கில மாளிகை மர்மத்தின் அடிப்படை நோக்கம் வாரிசுரிமை. சொத்து யாருடையது என்பதில் அங்கே சந்தேகமில்லை. அடுத்து யாருக்கு என்பதுதான் சண்டை. நீலகிரியில் சொத்து யாருடையது என்பதே மர்மம். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து ஜென்ம நிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம்பூர் கோவிலகத்துக்குச் சொந்தமாக இருந்து எஸ்டேட்டுகளுக்குக் குத்தகைக்குப் போனவை, சுமார் 80,000 ஏக்கர். ஜென்ம ஒழிப்புச் சட்டம் 1969இல் வந்தது. தோட்டக் கம்பெனி ஒன்று நீதிமன்றம் போனது. 1972இல் சட்டத்தின் ஒரு பகுதி அடிபட்டது. 1974இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் போட்டுக் காப்பாற்றியது. அப்படிக் காப்பாற்றலாமா என்ற கேள்வியில் 2007இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். சட்டக் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் படிக்கிற கொயிலோ வழக்கு அதுதான். நாடு முழுவதற்கும் காடு என்றால் என்ன என்று 1996இல் வரையறுத்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கும் கூடலூர்க் காட்டில் மரம் வெட்டியதிலிருந்து கிளம்பியது.

இந்தியாவின் இரண்டு பெரும் வழக்குகள் ஒரே தாலுகாவின் மண்ணிலிருந்து. நடுவில் பட்டா இல்லாமல் மூன்று தலைமுறை குடியிருக்கும் குடும்பங்கள். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெற்றபின் வீட்டைக் காலிசெய்யச் சொல்லப்பட்டவர்கள். தங்கள் காட்டையே ஆக்கிரமிப்பு என்று பிறர் சொல்லக் கேட்கும் பணியரும் குறும்பரும். சீகூர்ப் பள்ளத்தாக்கில் யானை வழித்தடத்துக்குள் முளைத்து, 2018இல் சீல் வைக்கப்பட்ட ரிசார்ட்டுகள் வேறு. கொலைக்கு இத்தனை காரணங்கள் குவிந்துகிடக்கும் மலையில் நம் எழுத்தாளர்கள் இன்னமும் ஒரு பெரியப்பாவின் உயிலைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்து மலையில் ஒருவர் வேறு வழியில் நடந்து பார்த்திருக்கிறார். ஹரிணி நாகேந்திரா சூழலியல் பேராசிரியர். 1920களின் பெங்களூருவில், கணிதத்தில் ஆர்வமுள்ள இளம் மனைவி காவேரியைத் துப்பறிய வைத்து 2022இல் ‘தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்’ எழுதினார். தொடரின் நான்காவது நாவல் ‘இன்டு தி லெப்பர்ட்ஸ் டென்’ 2025இல் வந்தது. கதை குடகின் காபித் தோட்டத்துக்கு ஏறுகிறது. ஊரே வெறுக்கும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி, கண்ணில் படாமல் திரியும் பேய்ச்சிறுத்தை என்ற வதந்தி. மர்மத்தின் முடிச்சு ராமனுடையது அளவுக்கு இறுக்கமில்லை, சில இடங்களில் நல்லவர்கள் ரொம்பவே நல்லவர்களாக இருக்கிறார்கள். ஆனால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களும் மரமும் விலங்கும் கதையில் துப்புகளாகவே வருகின்றன.

தமிழில் தேடுகிறவர்களுக்கு ஜெயமோகனின் ‘பத்து லட்சம் காலடிகள்’ தொகுப்பைச் சொல்வேன். நாவல் இல்லை, ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஔசேப்பச்சன் நண்பர்களோடு குடித்தபடி தன் பழைய வழக்குகளைச் சொல்லும் கதைகள். களம் கேரளம். குற்றவாளி யார் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும். ஒரு சமூகம் அந்தக் குற்றத்தை எப்படிச் சுமக்கிறது என்பதில் கதை அப்புறம் நடக்கிறது. இலங்கைப் பக்கம் போனால் 2022இல் புக்கர் பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவலைப் படிக்கலாம். செத்தவனே தன்னைக் கொன்றது யார் என்று கொழும்பில் தேடித் திரிகிறான். இந்த மூன்றையும் ராமனோடு சேர்த்து வாசித்தால், இடம் என்பது கதைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையா, கதையின் சாட்சியா என்ற வேறுபாடு தெளிவாகத் தெரியும். ராமனின் அடுத்த நாவலில் அத்ரேயா பேத்வா ஆற்றுப் பக்கம் போய்விட்டார். மலைக்குத் திரும்பினால் நல்லது.

திரும்புவதற்குக் காரணமும் இருக்கிறது. பூட்டிய அறை மர்மத்துக்காக ஒரு வீட்டைப் பூட்ட வேண்டியதில்லை, இந்த மலையே பூட்டிய அறை. வெளியேற வழிகளை விரல்விட்டு எண்ணலாம்: பர்லியாறு, கோத்தகிரி, முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி, மஞ்சூர்–கெத்தை, கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலப்புறத்துக்கு, பந்தலூர்ப் பக்கத்திலிருந்து வயநாட்டுக்கு, தெப்பக்காடு வழியாக மைசூருக்கு. கடைசிப் பாதையில் பந்திப்பூர்க் காட்டுக்குள் இரவு ஒன்பது மணிக்கு மேல் காலை ஆறு வரை பொதுவாக வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. இரவு பத்து மணிக்குக் கூடலூரில் கொன்றவன் மைசூர்ப் பக்கம் ஓட முடியாது. ஓடினான் என்றால் யாரோ கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

காடும் பதிவு செய்கிறது. 2021இல் மசினகுடிப் பக்கம் தேடப்பட்ட எம்.டி.டி.23 என்ற புலியை வனத்துறை மூன்று வாரம் துரத்தி, அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்தது. மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமராக்களும் விலாவின் கோடுகளும்தான் அடையாளம். மனிதருக்கு ரேகை, புலிக்கு வரி. அதே கேமராக்களில் புலி மட்டுமா விழும்? இரவில் அந்த வழியாக நடந்துபோன ஆளும் விழுவான்.

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வெளியூர் வண்டி ஒவ்வொன்றும் இ-பாஸ் எடுத்துத்தான் மேலே வர வேண்டும். யார், எந்த வண்டியில், எந்தத் தேதியில் என்பது அரசுக் கணினியில் ஏறிவிடுகிறது. சென்னையில் கொலைசெய்துவிட்டு ஊட்டியில் ஒளிகிற பழைய கதாநாயகனுக்குக் கல்லாறு செக்போஸ்ட்டிலேயே கதை முடிந்தது. உள்ளூர் வண்டிக்கு அந்தக் கெடுபிடி இல்லை. அப்படியென்றால் இனி நீலகிரியில் நடக்கும் கொலையை நீலகிரிக்காரர்தான் செய்ய வேண்டும், நீலகிரிக்காரர்தான் துப்புத் துலக்க வேண்டும். படுகர் ஹட்டியிலோ லைன் வீட்டிலோ பிறந்த ஒருவர், எடை நோட்டையும் பட்டா நகலையும் இ-பாஸ் பட்டியலையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு எழுதிய தமிழ் மர்ம நாவல் இதுவரை என் கையில் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் தெரியப்படுத்துங்கள். மேட்டுப்பாளையத்தில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.